ஈடில்லாக் கடனுக்கு ஈடாக மானம்

‘மூணு வட்டி’ என்று சொன்னாலே எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ஒரு ரூபாய் வட்டி நியாயம், ஒன்றரை பரவாயில்லை, இரண்டு என்றால் ஆஸ்பத்திரி அவசரத்துக்கு மட்டும். மூன்றுக்கு மேல் வாங்குகிறவன் காட்டை விற்காமல் தப்ப மாட்டான் என்பார்கள். இந்தக் கணக்கைக் கேட்டே வளர்ந்தவன் என் தம்பி, சித்தி மகன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். அவன் இரண்டரை ஆண்டுகளாக மூன்றரை வட்டிக்குக் கடன் வைத்திருந்தான். அது வட்டிக்கு வாங்கிய கடன் என்றே அவன் மனத்தில் பதியவில்லை. கார்டு என்றுதான் பதிந்திருந்தது.

கிரெடிட் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாதவர்களிடம் பெரும்பாலான வங்கிகள் மாதத்துக்கு மூன்றரையிலிருந்து மூன்றே முக்கால் விழுக்காடு வரை வட்டி வாங்குகின்றன. ஆண்டுக்கு 42 முதல் 45 விழுக்காடு. அந்த வட்டியின் தலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. முழுத் தொகையையும் கட்டுகிறவருக்குத்தான் 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை. ஒரு மாதம் மினிமம் டியூவோடு நிறுத்திக்கொண்டால், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அடுத்த நாள் வாங்கும் பாலுக்கும் அரிசிக்கும்கூட முதல் நாளிலிருந்தே வட்டி.

ஒரு லட்சம் ரூபாய் பாக்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி 3,500, அதற்கு வரி 630, ஆக 4,130. மாதம் 5,000 கட்டுகிறவருக்கு அசலில் கழிவது 870 ரூபாய். கார்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு ரூபாய்க்குக்கூடப் புதிதாகத் தேய்க்காமல், மாதம் தவறாமல் இதே 5,000 ரூபாயைக் கட்டி வந்தாலும் ஓராண்டு முடிவில் கையை விட்டுப் போனது 60,000. பாக்கி நிற்பது ஏறக்குறைய 86,800. இதே ஒரு லட்சத்தை 16 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுத் தவணைக் கடனாக மாற்றியிருந்தால் மாதம் சுமார் 3,516 ரூபாய். முப்பத்தாறாவது மாதம் கடன் தீர்ந்திருக்கும். குறைவாகக் கட்டிக் கடனை முடிக்கும் வழி இருக்கும்போது, அதிகமாகக் கட்டியும் முடியாத வழியில் லட்சக்கணக்கானோர் நடந்துகொண்டிருக்கிறார்கள். இந்தியாவில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்திலேயே 10 கோடியைத் தாண்டிவிட்டது.

இந்த வட்டிக்கு ஒரு வரம்பு வைக்கும் முயற்சி ஒருமுறை நடந்தது. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதத்தில் தலையிடும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை, அது ரிசர்வ் வங்கியின் வேலை என்பது சாரம். ரிசர்வ் வங்கியோ உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. ஆகவே, நீதிமன்றம் காப்பாற்றும் என்றோ வட்டி குறையும் என்றோ காத்திருப்பதில் பயனில்லை.

தம்பியின் கதைக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது திருப்பூரில் முதலில் நின்றது ஓவர்டைம். அடுத்து இன்சென்டிவ். 34,000 வாங்கிக்கொண்டிருந்தவன் 26,000-க்கு வந்தான். அவனுடைய தவணைகள் மட்டும் அப்படியே இருந்தன. வங்கியில் வாங்கிய தனிநபர் கடனுக்கு 7,400. பைக்குக்கு 3,100. போனுக்கு 1,800. இரண்டு கார்டுகளுக்கு மினிமம் டியூ 4,500-உம் 3,000-உம். மொபைல் செயலியில் வாங்கிய கடனுக்கு 4,000. கூட்டினால் 23,800. மிச்சம் 2,200 ரூபாயில் வீட்டு வாடகை 6,500 கொடுக்க வேண்டும். எப்படிச் சமாளித்தான் என்றால், சம்பளத்தைக் கார்டுக்குக் கட்டிவிட்டு அதே கார்டில் மளிகை வாங்கினான். தண்ணீரை ஒரு பக்கம் இறைத்து மறுபக்கம் ஊற்றிக்கொண்டிருந்தான்.

இத்தனையும் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் மனைவிக்கே பாதிதான் தெரியும். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் இரண்டு நாளும் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தான். என்னடா என்று தனியே கூட்டிப்போய்க் கேட்ட பிறகுதான் வாய் திறந்தான்.

“முன்னாடியே சொல்றதுக்கென்னடா?”

“சொல்ற மாதிரியாங்ணா இருந்துச்சு? பங்காளி வூட்டுக்கெல்லாம் போன் போட்ருவாங்கன்னுதான் பயமே. காசு போனா சம்பாரிச்சுக்கலாம்.”

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. கார்டு, தனிநபர் கடன் போன்றவற்றை வங்கிக்காரர்கள் ஈடில்லாக் கடன் என்பார்கள். வீட்டுக் கடனுக்கு வீடு ஈடு, நகைக் கடனுக்கு நகை ஈடு, கார்டுக்கும் தனிநபர் கடனுக்கும் ஈடு எதுவும் இல்லை என்பது ஏட்டில் உள்ளது. நடைமுறையில் அந்தக் கடனுக்கும் ஓர் ஈடு உண்டு. அது கடன் வாங்கியவரின் மானம். வசூலுக்கு வருகிறவர் தேடி வருவது அதைத்தான். அலுவலக வரவேற்பறையில் உட்கார்ந்துகொள்வது, மாமனாருக்கு அழைப்பது, வாடகை வீட்டுக்காரரிடம் விசாரிப்பது எல்லாம் அந்த ஈட்டை ஏலம் விடப்போவதாக மிரட்டும் வழிகள். கடனாளியும் அதை ஈடாக வைத்துவிட்டதாகவே நம்புகிறார். அதனால்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துக் கார்டுக்குக் கட்டுகிறார். அதுவும் போதாமல் பத்து வட்டிக்குத் தண்டல்காரரிடம் போகிறார்.

சட்டம் எந்த இடத்திலும் மானத்தை ஈடாக ஏற்கவில்லை. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது அந்த ஒன்றைத்தான். மற்றவை எல்லாம் அந்த மானத்தை மீட்டெடுக்கும் வழிகள்.

கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. அது உரிமையியல் வழக்கு. போலீஸ் வந்து பிடித்துப்போகும் விவகாரம் இல்லை. 1980-இல் கொச்சி வங்கி தொடர்ந்த ஒரு வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, கையில் இல்லாதவனைக் கடனுக்காகச் சிறையில் தள்ளுவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று சொன்னது. பணம் இருந்தும் ஏய்க்கிறவனுக்குத்தான் சிறை. இல்லாமை ஒரு குற்றமாகாது என்பது அதன் கருத்து. 45 ஆண்டுகளுக்கு மேலாக அது நிலைத்து நிற்கிறது. இருந்தும் ‘நாளைக் காலையில் வாரண்டோடு வருவோம்’ என்று ஒரு குரல் போனில் சொன்னதும் நமக்குக் கை நடுங்குகிறது.

வங்கி வழக்குப் போட்டு வென்றே விட்டாலும் சம்பளம் முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவுப்படி முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 26,000 சம்பளத்தில் அதிகபட்சமாக ஜப்தி செய்ய முடிவது 8,333 ரூபாய். தம்பி தானாகவே கட்டிக்கொண்டிருந்தது 23,800. நீதிமன்றம் அவனிடம் கேட்டிருக்கக்கூடியதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கை அவன் பயத்தில் கட்டிக்கொண்டிருந்தான். வருங்கால வைப்பு நிதியையும் ஓய்வூதியத்தையும் இந்தக் கடன்களுக்காகத் தொடவே முடியாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். காசோலை கொடுத்திருந்து அது பணமின்றித் திரும்பினால் குற்ற வழக்கு வரலாம். கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் ஏற்பாடு திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடாச் சட்டத்தில் அதே வழி உண்டு. இப்படி ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால், கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம். அதை வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் பெரிய தவறு. வாங்கிப் படித்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் பதில் அனுப்ப வேண்டும். வக்கீலுக்கு வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி வரும் அறிவிப்பைக் கண்டு கைது உத்தரவுபோலப் பலர் அரள்கிறார்கள். அது சமரசம் பேசக் கூப்பிடுவது. இரு தரப்பும் ஒப்பினால்தான் தீர்வு. வட்டியைக் குறைத்துக் கேட்க அது நல்ல இடம்.

அன்றிரவு நாங்கள் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். அவன் எழுதத் தொடங்கிய வரிசை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதிகமாகத் திட்டுகிறவன் முதலில், கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறவன் அடுத்து. செயலிக்காரன் தலைமேல் இருந்தான், வாடகை கடைசியில். கடனில் சிக்கிய எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். எவன் குரல் பெரிதோ அவனுக்கு முதல் பணம். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம். சோறு, வாடகை, கரண்டு பில், பள்ளிக் கட்டணம், அவன் அம்மாவின் சர்க்கரை மாத்திரை, வேலைக்குப் போக பெட்ரோல். இதற்கு 18,500 ஆனது. மிச்சம் 7,500. கடன்காரர்களுக்கு இருப்பது இந்த 7,500-தான். இதை எப்படிப் பங்கிடுவது என்பதே இனிப் பேச்சு.

முதல் பங்கு பைக்குக்கு. தவணை தவறினால் வண்டியைத் தூக்கிப்போவார்கள். வண்டி போனால் வேலையும் போகும். பொருள் ஈடாக இருக்கும் கடன்களை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பது இதனால்தான். வீட்டுக் கடன் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். மூன்று மாதம் தவறினால் வாராக்கடன் ஆகி, 60 நாள் நோட்டீஸோடு நீதிமன்றம் போகாமலே வங்கி வீட்டைக் கைப்பற்ற 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கார்டுக்காரருக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆனாலும் கார்டுக்குக் கட்டிவிட்டு வீட்டுத் தவணையைத் தவறவிடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம், வீட்டுக் கடன் பிரிவிலிருந்து ஒருவரும் நாளைக்கு இருபது முறை அழைப்பதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் மனைவி உள்ளே போய் இரண்டு பவுன் வளையலைக் கழற்றிக்கொண்டு வந்து நோட்டின்மேல் வைத்தாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நகையை அடகு வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லைதான். கணக்கு வேறு மாதிரிச் சொன்னது. பெரிய கார்டின் பாக்கி 90,000. அதற்கு வட்டியும் வரியுமாக மாதம் 3,700 போய்க்கொண்டிருந்தது. அதே தொகைக்கு வங்கியில் நகைக் கடன் வாங்கினால் மாதம் 750 ரூபாய்க்குள் வட்டி. பெட்டியில் இருக்கும் தங்கத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றரை வட்டி கட்டுவது நஷ்டம். ஒரே நிபந்தனை, கார்டு அன்றைக்கே ஒழிய வேண்டும். நகையை வைத்துக் கார்டை அடைத்து, ஆறு மாதத்தில் கார்டும் பழையபடி நிரம்பி, நகையும் வங்கியில் கிடக்கும் வீடுகள் ஏராளம். கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால், பாக்கி இல்லாத பட்சத்தில் 7 வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொல்கிறது. அவன் எழுதினான். ஐந்தாம் நாள் மூடினார்கள்.

மற்றவர்களுக்குக் கடிதம். போனில் பேசிப் புண்ணியமில்லை. எதிர்முனையில் இருப்பவர் ஒப்பந்தத்துக்கு வேலை செய்கிற, மாத இலக்கு வைத்து விரட்டப்படுகிற இன்னொரு இளைஞர். தவணையைக் குறைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் போக வேண்டும். வருமானம் இவ்வளவு குறைந்தது, ஆதாரமாக ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வீட்டுச் செலவு இவ்வளவு, என்னால் கட்ட முடிவது இவ்வளவு, கார்டு பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தாருங்கள், தனிநபர் கடனின் காலத்தை நீட்டித் தாருங்கள். இதைக் கெஞ்சல் இல்லாமல், கோபமும் இல்லாமல் ஒரு பக்கத்துக்குள் எழுத அவனுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. ‘தயவுகூர்ந்து மன்னிக்கவும்’ என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தான். நான்கையும் அடித்தோம். அவன் மன்னிப்புக் கேட்க வேண்டிய தவறு எதையும் செய்துவிடவில்லை.

இரண்டாவது கார்டு வங்கி ஒப்புக்கொண்டது. 60,000 பாக்கியை 18 விழுக்காட்டில் 36 தவணையாக்கியது. மாதம் சுமார் 2,170. தனிநபர் கடன் கொடுத்த வங்கி முதலில் மறுத்தது. தலைமை அலுவலகத்துக்கு மறுபடி எழுதினான். இரண்டு மாதம் கழித்துக் காலத்தை நீட்டினார்கள். தவணை 5,200 ஆனது, மொத்த வட்டி கூடியது. அது தெரிந்தேதான் ஒப்புக்கொண்டான். அவன் மனைவி ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகத் தொடங்கினாள். இன்னமும் இழுபறிதான்.

மொபைல் செயலிக் கடனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இவற்றில் இரண்டு வகை. ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிறுவனத்தின் சார்பாக இயங்குபவை ஒரு வகை. அவற்றின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. இவை கடன் வாங்குபவரின் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடவே கூடாது என்பது 2022-லேயே வந்த விதி. இரண்டாவது வகை, எந்தப் பதிவும் இல்லாத திருட்டுக் கூட்டம். ஐயாயிரம் கொடுத்து ஏழே நாளில் எட்டாயிரம் கேட்பது, படத்தை ஆபாசமாக்கி அத்தைக்கும் அலுவலகத்துக்கும் அனுப்புவது இவர்களே. இவர்களோடு தவணை பேசாதீர்கள். இன்னொரு ரூபாயும் அனுப்பாதீர்கள். 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். பிறகு உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: என் பெயரில் ஒரு மோசடிக் கும்பல் படம் அனுப்பும், நம்ப வேண்டாம். அவர்கள் வைத்திருக்கும் ஒரே ஆயுதம் உங்கள் வெட்கம். நீங்களே சொல்லிவிட்ட ஒன்றை வைத்து உங்களை மிரட்ட முடியாது.

பதிவுபெற்ற வங்கிகளின் வசூல்காரர்களுக்கும் எல்லை உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. அடியாட்களை வைத்து வசூலிக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. அழைப்பைப் பதிவு செய்து, தேதி, நேரம், எண் ஆகியவற்றோடு வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். தம்பி ஒரே ஒரு மின்னஞ்சலில் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதினான். இரவு அழைப்புகள் அந்த வாரமே நின்றன.

செட்டில்மென்ட் என்ற வார்த்தை இப்போது எல்லார் வாயிலும் அடிபடுகிறது. பல மாதம் கட்டாமல் விட்டால் வங்கியே அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடிக்க முன்வரும். ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் இதற்கான வரையறையை வெளியிட்டது. வேலை போனவர், நோயில் விழுந்தவர், இனி முழுதும் கட்ட வழியே இல்லாதவர் இதை ஏற்பதில் தவறில்லை. வங்கியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் கைக்கு வரும்வரை பணம் கட்டக் கூடாது. வசூல்காரரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பவே கூடாது. கடன் கணக்கில் நேரடியாகக் கட்டி, நோ டியூ சான்று வாங்கி வைக்க வேண்டும். சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்ற முத்திரை பல ஆண்டுகளுக்கு நிற்கும். வீட்டுக் கடன் கேட்கப் போனால் அது குறுக்கே வரும். சமாளித்துக் கட்ட முடிகிறவர்கள் அந்த வழிக்குப் போக வேண்டாம். அதைவிட முக்கியம், ‘உங்கள் கடனைப் பாதியாக்குகிறோம், வசூல்காரர்கள் எங்களோடு பேசிக்கொள்வார்கள், மாதாமாதம் எங்களுக்குக் கட்டணம் கட்டுங்கள்’ என்று ரீல்ஸில் வருகிறவர்களிடம் ஏமாறாமல் இருப்பது. அவர்கள் செய்து தருவதாகச் சொல்லும் எல்லாவற்றையும் ஒரு மின்னஞ்சலில் நீங்களே செய்யலாம். அந்தக் கட்டணத்துக்கு ஒரு தவணை கட்டிவிடலாம்.

கந்துவட்டிக்குப் போகவே கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 2003-ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அது தடுக்கிறது. 2025-இல் கட்டாய வசூலுக்கு எதிராக இன்னொரு சட்டமும் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கார்டுக்காரன் வழக்குப் போடுவான், அவ்வளவுதான். மீட்டர் வட்டிக்காரன் வழக்குப் போட மாட்டான். பெரிய கடனை அடைக்க இன்னும் கொடிய கடனை வாங்கும் இந்தத் தாவலும் மானத்துக்குப் பயந்தே நடக்கிறது.

இரவில் தூக்கமில்லாமல், இதற்கு மேல் இருந்து என்ன பயன் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர் யாரேனும் இருந்தால், 104-க்கோ 14416-க்கோ இப்போதே அழையுங்கள். தமிழில் பேசுவார்கள், எந்நேரமும் பேசலாம். கடனை எப்போது வேண்டுமானாலும் பேசித் தீர்க்கலாம். அதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் தனிமனிதர் தலையிலேயே போட்டுவிட்டு அரசும் ரிசர்வ் வங்கியும் ஒதுங்கிக்கொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சிறுகடன் வாங்கும் மகளிர் குழுக்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து ஒரு வரம்பு உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாத் தவணைகளும் சேர்ந்து போகக் கூடாது. களத்தில் அது எவ்வளவு மீறப்படுகிறது என்பது வேறு பேச்சு. விதி என்று ஒன்று இருக்கிறது. 34,000 சம்பளக்காரனுக்கு 23,800 வரை தவணை ஏறும்படி பல நிறுவனங்கள் மாறி மாறிக் கடன் கொடுத்ததைத் தடுக்க அப்படி ஒரு விதி இல்லை. எல்லாரும் அவனுடைய சிபில் அறிக்கையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். மற்ற கடன்கள் எல்லாம் அதில் இருந்தன. கடன் வாங்கியவனைப் பொறுப்பில்லாதவன் என்று ஏசுகிறவர்கள், பார்த்துக்கொண்டே கொடுத்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நிறுவனங்கள் நொடித்துப்போனால் மீள்வதற்கு 2016-இல் திவால் சட்டம் வந்தது. வழக்கு ஏற்கப்பட்ட கணமே வசூல் நடவடிக்கைகள் நிற்கும். வங்கிகள் பல்லாயிரம் கோடி ரூபாயை விட்டுக்கொடுக்கும். அதே சட்டத்தின் மூன்றாம் பகுதி தனிமனிதர்களுக்கானது. மிகச் சிறிய கடனாளிகளுக்குப் புது வாழ்வு தரும் ஒரு வழிகூட அதில் எழுதப்பட்டிருக்கிறது: ஆண்டு வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள் இருந்தால் கடனிலிருந்து விடுவிக்கலாம். அந்தத் தொகைகள் இன்றைய விலைவாசிக்குப் பொருந்தாதவை. அந்தப் பகுதியும், நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. சாதாரண மனிதனுக்கு இருப்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள்தாம்: சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். ஊர் வழக்கில் இதற்குப் பெயர் மஞ்சக் கடுதாசி. ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’ என்றால் அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க யோசிப்பார்கள். நிறுவனம் திவாலானால் அது தொழில் நடவடிக்கை. மனிதன் திவாலானால் தலைமுறைக்கும் பழி. இங்கிலாந்தில் 2021 மே முதல், கடனில் திணறுகிற ஒருவர் ஆலோசகரை அணுகினால் 60 நாளைக்கு வட்டியும் வசூலும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. மூச்சு விட்டு, கணக்குப் போட்டு, பேச அவகாசம். நம் சட்டத்தில் அப்படி ஒரு 60 நாளைச் சேர்ப்பதற்குப் பணமும் தேவையில்லை.

ஆலோசகரும் நமக்குப் புதிதல்ல. கடனில் சிக்கியவர்களுக்கு வழிகாட்டும் மையங்களை வங்கிகள் தொடங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2012-இல் அது நிதிக் கல்வி மையங்களாகத் திருத்தப்பட்டது. சேமிப்பின் அவசியம் பற்றிய கூட்டங்கள் இன்று நடக்கின்றன. ஐந்து கடனோடு வருகிறவனுக்கு எதை முதலில் கட்டுவது என்று உட்கார்ந்து நோட்டில் எழுதிக் காட்ட ஆள் இல்லை.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றி ஏற்கெனவே மனுக் கொடுத்துச் சலித்த ஒரு கூலித் தொழிலாளி, தன் மனைவியோடும் இரண்டு சிறு பெண் குழந்தைகளோடும் அந்த வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நால்வரும் பிழைக்கவில்லை. அந்த நால்வரும் தேடி வந்த இடம் சரியான இடம்தான். அவர்களுடைய மனுவை வாங்கி, உட்கார வைத்து, கடன்காரரைக் கூப்பிட்டுப் பேச அங்கே ஆள் இல்லை. அந்தக் குறைதீர்க்கும் நாள் இன்றும் எல்லா மாவட்டங்களிலும் திங்கட்கிழமைதோறும் நடக்கிறது. முதியோர் ஓய்வூதியத்துக்கு ஒரு மேசை, பட்டாவுக்கு ஒரு மேசை, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு மேசை என்று போடுகிறார்கள். அதே வரிசையில் கடனுக்கென்று ஒரு மேசை போட்டு, முன்னோடி வங்கியிலிருந்து ஓர் அதிகாரியையும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞரையும் உட்கார வைக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமையே அதைத் தொடங்கலாம்.